அப்பாவுக்கு அரை மணி, ரூபிக்கு அரை மணி

ஐஸ்கட்டி போட்ட கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, லாவண்யா படுக்கையறைக் கதவை இடுப்பால் தள்ளித் திறந்தாள். உள்ளே நுழைந்த வேகத்திலேயே குதிகாலால் சாத்தியும் விட்டாள். கூடத்தில் ஒப்பாரியின் நடுவில் எழுந்து வந்திருந்தாள். கண்ணில் பாதி அழுகை மிச்சமிருந்தது.

உள்ளே இருபத்து நாலு டிகிரி. கட்டிலின் நடுவில், இரண்டு தலையணைகளுக்கு இடையில், ரூபி படுத்திருந்தது. பூடில் சாதி நாய். செம்பட்டைச் சுருள் முடி. நேற்றுதான் முடி வெட்டிக்கொண்டு வந்ததால் இரண்டு காதிலும் சிவப்பு ரிப்பன் வேறு. இழவு வீட்டில் ரிப்பன் கட்டியிருந்த ஒரே ஜீவன் அதுதான். லாவண்யா அவசரமாக ரிப்பனை உருவி மெத்தைக்கு அடியில் திணித்தாள். கிண்ணத்தை வைத்தாள். ரூபி ஒரு முறை நக்கிவிட்டு, போதும் என்பதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டது.

கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தவர் சுடலைமுத்து. அவளுடைய மாமனார். வயது எழுபத்து மூன்று. நேற்று மத்தியானம் இறந்தார். "படுத்தவர் எழுந்திரிக்கல, ஹார்ட்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லப்பட்டது. லாவண்யா சொன்ன வாக்கியம் அது. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கோவில்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்த பதினெட்டுப் பேர் கூடத்திலும் பந்தலிலும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மகள் ஜெயமணி மும்பையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். அந்த ரயிலும் லேட். பெங்களூரில் இறங்கி, அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி ஓசூர் வந்து சேர எப்படியும் மூன்று மணியாகும். அப்பா முகத்தைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று போனில் கதறியிருந்தாள். அதுவரை பெட்டி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் வீட்டார் செய்ய வேண்டியது.

லாவண்யா வெளியே வந்து கதவைச் சாத்தியபோது, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சுடலைமுத்துவின் தம்பி பெண்சாதி.

"ஏ தாயி, எதுக்கு அந்தக் கதவ மட்டும் சாத்தியே வச்சிருக்க? பொணம் கெடக்குற வீட்டுல ஒரு கதவும் சாத்தியிருக்கக் கூடாதுன்னு ஒங்க ஊர்ல சொல்ல மாட்டாகளா?"

"இல்ல சின்னத்தை... ஏ.சி. ஓடுது."

"ஏ.சி.யா? யாருக்கு?"

இந்த இடத்தில் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சாமான் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது என்று எதையாவது. லாவண்யாவின் வாயில் வந்தது இதுதான்:

"குழந்தை தூங்குது. என் தங்கச்சி பிள்ளை. ரெண்டு மாசம்."

பக்கத்து வீட்டு ராஜாத்தி, எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், டம்ளரைப் பாதி வழியில் நிறுத்தினாள். லாவண்யாவின் தங்கை சேலத்தில் இருக்கிறாள் என்பதும், இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பதும் ராஜாத்திக்குத் தெரியும். அந்தத் தெருவில் அவளுக்குத் தெரியாதது மாநகராட்சித் தண்ணீர் எப்போது வரும் என்பது மட்டும்தான். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. டீயை ஊற்றி, "ஆறிடப் போவுது, குடிங்க" என்றாள்.

ரூபி அவர்களுடைய நாயே இல்லை. லாவண்யாவின் கணவன் விஜயகுமார் வேலை பார்க்கும் கம்பெனியின் ஜி.எம். வீட்டு நாய். ஜி.எம். ஆறு மாதத்துக்கு ஜெர்மனி போனபோது, "ரூபியை ஹாஸ்டலில் விட மனசில்லை" என்று அவர் மனைவி யாரிடமோ சொல்ல, அது கேன்டீன் வழியாக விஜயகுமார் காதுக்கு வந்தது. பதினாறு வருஷமாக ஷிஃப்ட் இன்சார்ஜாகவே இருப்பவன் அவன். ஜூலையில் டெபுடி மேனேஜர் இன்டர்வியூ. "எங்க வீட்ல விடுங்க மேடம், எங்க பொண்ணு மாதிரி" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். அவர்கள் குடியிருக்கும் மூக்கண்டப்பள்ளி முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. ரூபியோடு அதன் மெத்தை, சீப்பு, துண்டுகள் நாலு, இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் அடித்த காகிதம் எல்லாம் வந்தன. கோடையில் ரூபியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற காகிதம். காலை ஏழு மணிக்குமேல் நடக்க விடக் கூடாது. தார் ரோட்டில் புறங்கையை ஏழு எண்ணும்வரை வைத்துப் பார்க்க வேண்டும். கை தாங்காவிட்டால் பாதமும் தாங்காது. முடியை ஒட்ட மழிக்கக் கூடாது, வெயில் தோலைச் சுட்டுவிடும். ரொம்ப இரைத்தால் ஐஸ் தண்ணீரை மேலே ஊற்றாமல் சாதாரணத் தண்ணீரால் வயிற்றையும் பாதத்தையும் நனைக்க வேண்டும்.

காகிதத்தை விஜயகுமார் ஒரு தடவை படித்தான். லாவண்யா ஒன்றரைத் தடவை. மனப்பாடம் செய்தது சுடலைமுத்து. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மருமகளைப் படித்துச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் "சரிதான், மாட்டுக்கும் இதுதான்" என்று தலையாட்டிக்கொண்டார். ரூபி என்று அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. செவலை என்பார். அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு போகும்.

மார்ச்சில் படுக்கையறைக்கு ஏ.சி. வந்தது. ஓசூருக்கு ஏ.சி.யா என்று பத்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கும். இப்போது வெயில் அப்படி. கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம் ரூபி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட, டாக்டர், "இன்னொரு தடவை இப்படியானா தாங்காதும்மா" என்றுவிட்டார். அதன்பிறகு அந்த அறைக் கதவு சாத்தியே இருந்தது. கூடத்தில் படுத்திருந்த சுடலைமுத்துவிடம் போக வேண்டும் என்று ரூபி ராத்திரியெல்லாம் கதவைப் பிராண்டியது. திறந்து திறந்து மூடினால் குளிர்ச்சி போகிறது, கரண்டும் வீண். விஜயகுமார் யோசித்து ஒரு வழி சொன்னான். ஜூன் வரைக்கும் அப்பா மாடி ஷீட் ரூமில் படுத்துக்கொண்டால் நாய் அடங்கிவிடும். அப்பா, "அதுக்கென்னப்பா, மேல காத்து வரும்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். ஏப்ரலில் தகர ஷீட்டுக்குக் கீழே எந்தக் காற்று வரும் என்று யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு லோ வோல்டேஜ் வந்தது. மின்விசிறிகள் களைத்துப்போய்ச் சுற்றின. பெட்டி 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. பெட்டிக்காரர் மணிவேல், யாரிடமோ கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தவர், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார். பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். பெட்டி ஓடியது. அறைக்குள் ஏ.சி.யின் ஸ்டெபிலைசர் ஒரு முறை உறுமியதும் பெட்டி மறுபடி நின்றது.

"சார், உள்ள ஏ.சி. ஓடுதா? ரெண்டும் சேர்ந்து இழுக்காது சார். ஒண்ண நிறுத்துங்க."

எதை என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்றுதான் எந்த மனுஷனும் நினைப்பான்.

விஜயகுமார் லாவண்யாவைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனான். மழிக்காத முகம், தோளில் துண்டு, கண் சிவந்திருந்தது. அழுதது நிஜம்தான்.

"ஏ.சி.ய நிறுத்திட்டா?"

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?" என்றாள் லாவண்யா. "வெளிய முப்பத்தொம்போது. ரூம்ல ஜன்னல்கூட மேக்கால பாத்தது."

"அப்ப அப்பாவ?"

கேட்டுவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மெஷின் பழுதானால், இருக்கிற ஒன்றை வைத்து இரண்டு லைனையும் ஓட்டுகிற ஷிஃப்ட் இன்சார்ஜின் தெளிவு.

"அரை மணி இது, அரை மணி அது. பெட்டி ஒரு தடவை ஜில்லுன்னு ஆயிட்டா அரை மணி தாங்கும். ரூமும் அதே மாதிரிதான். மூணு மணி வரைக்கும் ஓட்டிரலாம்."

"சரி" என்றாள் லாவண்யா.

அந்த 'சரி' எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே பிறகுதான் உறைத்தது.

போனில் அலாரம் வைத்தான். அரை மணிக்கு ஒரு முறை அது அவன் சட்டைப்பையில் அதிரும். அவன் எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அறைக்குள் போய் ஸ்விட்சைத் தட்டிவிட்டு வருவான். பந்தலில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியாது. "பய நம்ம முன்னால அழக் கூச்சப்பட்டுக்கிட்டு உள்ள போயிப் போயி அழுதுட்டு வாரான் பாருங்க" என்று ஒரு பெரியவர் நெகிழ்ந்தார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். லாவண்யா அதைக் கேட்டுக்கொண்டே வெற்றிலைத் தட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஒரு மணிக்கு ரூபியின் முறை. ஜெர்மனியிலிருந்து ஜி.எம். மனைவி வீடியோ காலில் வந்தாள். விஜயகுமார் எழுந்து நின்று பேசினான்.

"ஸோ ஸாரி விஜய். கேள்விப்பட்டதும் ஷாக் ஆயிட்டோம். பீ ஸ்ட்ராங்."

"தேங்க்ஸ் மேடம்."

"அப்பாதானே ரூபியை வாக்கிங் கூட்டிட்டுப் போவாரு? பாவம்." சின்ன இடைவெளி. "ரூபி அப்செட்டா இருக்காளா? அங்க ஹீட் பயங்கரம்னு நியூஸ்ல பார்த்தேன். ஜஸ்ட் ஒரு செகண்ட் காட்ட முடியுமா? முடிஞ்சா மட்டும்."

முடிந்தது. அவன் போனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனான். கதவிடுக்கு வழியாக, "ஹாய் பேபீ" என்ற குரல் கூடம்வரைக்கும் வந்தது.

"யாரு, பிள்ளையோட அம்மாவா?" என்றாள் பேச்சியம்மாள்.

லாவண்யா ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் மூக்கை உறிஞ்சினாள்.

பேச்சியம்மாள் பெட்டிப் பக்கம் திரும்பினாள். ரூபியின் அரை மணியில் பெட்டியின் கண்ணாடி உள்பக்கம் புகைமூட்டம் போட்டிருந்தது. நீர்த்துளிகள் திரண்டு கோடுகோடாக இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளே சுடலைமுத்துவின் முகம் கலங்கலாகத் தெரிந்தது. பேச்சியம்மாள் முந்தானையால் வெளிப்பக்கத்தைத் துடைத்தாள். மூட்டம் போகவில்லை. மறுபடியும் துடைத்தாள்.

"பெரியவருக்கு வேர்க்குதே..." என்றாள். சத்தமாக இல்லை, யாரையும் குற்றம் சொல்லுகிற மாதிரியும் இல்லை. "உள்ள கெடந்தும் வேர்க்குதே."

லாவண்யா எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, ஒரு வேலையும் இல்லாமல் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேற்றும் இதே நேரம்தான்.

முடி வெட்டுகிற கடைக்குக் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சுடலைமுத்து ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். கடை ஆள் ஒன்பதரைக்குத்தான் வந்தான். வேலை முடிய பதினொன்றரை. திரும்பி வர இரண்டு ஆட்டோக்காரர்கள் நாயை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள். பாகலூர் ரோட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்த்திருப்பார். ஈரத் துண்டைச் சுற்றி நாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்துவிட்டார். வாசலில் நுழைந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று லாவண்யா இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பார்க்கவே இல்லை. நாயைத்தான் பார்த்தாள். அது நாக்கை நீட்டி இரைத்துக்கொண்டிருந்தது.

"அறிவிருக்கா மாமா உங்களுக்கு? இந்த வெயில்லயா தூக்கிட்டு வருவீங்க? இதுக்கு ஏதாச்சும் ஆனா அவரு யாருக்குப் பதில் சொல்றது?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நாயைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். காகிதத்தில் போட்டிருந்தபடி சாதாரணத் தண்ணீரால் வயிறு, பாதம், காது மடல் எல்லாம் நனைத்தாள். இருபது நிமிஷம். நடுவில் ஒரு தடவை, "லாவண்யா..." என்று குரல் வந்தது. எப்போதும் தாயி என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "வர்றேன் மாமா" என்றாள். சாப்பாட்டுக்காகக் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். ரூபியின் இரைப்பு அடங்குகிறவரைக்கும் இருந்துவிட்டு வெளியே வந்தபோது, அவர் கூடத்துத் தரையில் சுவரோரமாகப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, தாண்டிப் போய் குக்கரை ஏற்றினாள்.

ஒன்றே முக்காலுக்குப் பேச்சியம்மாள் கூட்டம் சேர்த்துவிட்டாள்.

"பச்ச ஒடம்ப பொணம் கெடக்குற வீட்டுல வச்சிருக்கீகளே, நல்லாவா இருக்கு? எடுக்குறதுக்கு முன்னால பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போங்க தாயி. பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போகும். நான் தூக்குறேன், தள்ளு."

அவள் எழுந்தேவிட்டாள். அந்த நேரத்தில் ராஜாத்தி டீ கேனைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க உக்காருங்கம்மா, இழவு காத்த கையோட கொழந்தயத் தொடக் கூடாது" என்று சொன்னாள். "நா எடுத்துகினு போறேன். வா லாவண்யா."

உள்ளே வந்ததும் ராஜாத்தி கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். அப்போது அப்பாவின் முறை, ஏ.சி. நின்றிருந்தது. ரூபி கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தது.

"ரெண்டு மாசக் கொழந்தைக்கு எம்மாம் முடி" என்றாள் ராஜாத்தி.

"அக்கா, தயவு செஞ்சு..."

"நா ஒண்ணும் சொல்லல. சொல்லணும்னா நேத்தே சொல்லியிருப்பேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "நேத்து உங்க மாமா எங்க வாசக் கேட்டுகிட்டதான் நின்னாரு. மூஞ்சி எல்லாம் செவசெவன்னு. 'உள்ள வாங்கய்யா, மோர் குடிச்சிட்டுப் போலாம்'ன்னேன். 'வேணாம்மா, செவலைக்கு இரைக்குது, மருமக பாத்துகினு இருக்கும்'ன்னாரு. நாய்க்கு மட்டும் ஒரு சொம்புத் தண்ணி வாங்கினாரு. பாதத்துக்கு ஊத்தினாரு. மிச்சத்தக் குடிங்கன்னு சொல்லத் தோணல எனக்கு. நின்னு வேடிக்கதான் பாத்தேன்."

லாவண்யா கிண்ணத்தை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள்.

"அப்பறம் நீ ஏசினது எங்க சமையக்கட்டு வரைக்கும் கேட்டுது."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். பேச்சியம்மாள்தான். காத்திருக்கிற ஜாதி இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு அவள் தலை உள்ளே நீண்டபோது, ரூபி அவள் காலிடுக்கில் புகுந்து வெளியே ஓடியது.

லாவண்யா பின்னால் ஓடினாள். கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, ரூபி நேராகப் பெட்டியை நோக்கிப் போனது. மூக்கைத் தூக்கி இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை முகர்ந்தது. பெட்டியின் கால்மாட்டில் நீர் சொட்டித் தேங்கியிருந்த மொசைக் தரையில் வயிறு படப் படுத்தது. முன்னங்கால்களை நீட்டி, தாடையைத் தரையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டது.

ஒரு நிமிஷம் ஒப்பாரிகூட நின்றுவிட்டது.

"யாத்தே..." என்றாள் பேச்சியம்மாள். மார்பில் கையை வைத்துக்கொண்டாள். "வாயில்லாச் சீவன்... பெரியவர் காலடியில போயிப் படுத்துருச்சே. பெத்த பிள்ளைக்குக்கூட இப்பிடித் தோணாதே!"

கூடம் குலுங்கியது. அதுவரை அழாதவர்கள்கூட அழுதார்கள். ஒருத்தி போனில் படம் எடுத்தாள். பந்தலில் இருந்த பெரியவர்கள் எட்டிப் பார்த்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள் லாவண்யாவின் கையைப் பிடித்து, "நீ வளத்த வளப்பு தாயி. அவரயும் எப்பிடிப் பாத்திருப்பங்கிறது இதுலயே தெரியுதே" என்றாள்.

குளிர்ந்த தரை எங்கே இருக்கிறதோ நாய் அங்கே போகும் என்று காகிதத்தில் இரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. லாவண்யா கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். பேச்சியம்மாள் விடவில்லை.

"பிள்ள எங்க?" என்றாள் திடீரென்று நினைவு வந்தவளாய்.

"பின்வாசல் வழியா எங்க வூட்டுக்கு அனுப்பியாச்சு. பால் குடிச்சிகினு இருக்குது" என்றாள் ராஜாத்தி, கண் இமைக்காமல்.

ஏ.சி. அதற்குப் பிறகு ஓடவில்லை. தேவைப்படவில்லை. பெட்டி ஒரே சீராக ஓடியது. கண்ணாடி தெளிந்தது. ரூபி தேங்கிய தண்ணீரில் புரண்டு படுத்துத் தூங்கியது. விஜயகுமார் சட்டைப்பைக்குள் கையைவிட்டு அலாரத்தை அணைத்தான். காலையிலிருந்தே இதைச் செய்திருக்கலாம் என்று அவனும் லாவண்யாவும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மூன்றேகாலுக்கு ஜெயமணி வந்தாள். காரிலிருந்து இறங்கியபோதே கால் தரையில் நிற்கவில்லை. கோடித் துணி இருந்த பை கையிலிருந்து நழுவி வாசலிலேயே விழுந்தது. பெட்டிமேல் விழுந்து, கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "எப்பா... ஒரு நா பொறுத்திருக்கக் கூடாதா" என்று அழுதாள். முகம் தெளிவாகத் தெரிந்தது. அதற்காகத்தான் எல்லாம் நடந்தது.

அழுகை ஓய்ந்து விக்கல் வந்தபோது அவள் லாவண்யாவைத் தேடினாள். எழுந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மதினி, எங்கப்பாவ ராசா மாதிரி வச்சிருந்தீக. எனக்குத் தெரியும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல ஜெயமணி..."

"இல்ல மதினி. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போன்ல சொல்லுவாரு. 'எனக்குன்னு ஏ.சி. வாங்கி மாட்டிருக்காக தாயி, ராத்திரியெல்லாம் குளுருது, போர்வ போத்திக்கிட்டுப் படுக்கேன்'னு. எங்க வீட்டு ஆளுககிட்டயெல்லாம் சொல்லிப் பெருமப்பட்டேன். எங்க மதினி மாதிரி யாரும் வராதுன்னு."

கூடத்தில் 'உச்சு' கொட்டினார்கள். பேச்சியம்மாள் மற்றவர்களைப் பார்த்து, நான்தான் சொன்னேனே என்பதுபோலத் தலையை ஆட்டினாள். ராஜாத்தி டம்ளர்களை அடுக்குவதில் மும்முரமானாள். அப்படி ஒரு மும்முரம் அவளிடம் யாரும் பார்த்ததில்லை. விஜயகுமார் எழுந்து வெளியே போய்விட்டான்.

"அவரு படுத்திருந்த எடத்தப் பாக்கணும் மதினி. அந்தக் கட்டில்ல ஒரு நிமிசம் உக்காந்துட்டு வந்துருதேன். பொறகு எடுங்க."

படுக்கையறைக் கதவு இப்போது ஆவென்று திறந்து கிடந்தது. கட்டில் தெரிந்தது, சுவரில் ஏ.சி. தெரிந்தது. இரண்டு தலையணைகள் இருந்தன. காட்டிவிட்டால் போதும். ஜெயமணி உட்கார்ந்து அழுதுவிட்டு, நாளை மறுநாள் ரயிலேறிவிடுவாள். செத்தவரே சொல்லிவைத்துவிட்டுப் போன பொய். மருமகள் தன் பங்குக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெயமணி அந்தக் கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள்.

"அங்க இல்ல" என்றாள் லாவண்யா.

"என்ன மதினி?"

"மேல."

இரும்புப் படிக்கட்டு கைவைக்க முடியாமல் கொதித்தது. லாவண்யா முன்னால் ஏறினாள். ஜெயமணி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். பாதிப் படியில் நின்றாள். மேலே இருக்கிற ஷீட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

"நேத்து... கடைசியா ஏதாச்சும் கேட்டாரா மதினி?"

"கூப்பிட்டாரு."

ஜெயமணி இன்னொரு படி ஏறினாள்.

"வர்றேன்னு சொன்னேன்" என்றாள் லாவண்யா. திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.

கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. மடக்குக் கட்டில் ஒன்று. அதன்மேல் சுருட்டி வைத்த பாய். ஆணியில் இரண்டு வேட்டி, ஒரு சட்டை. ஜன்னலில் அவர் நனைத்துத் தொங்கவிட்டிருந்த கோணிச் சாக்கு காய்ந்து பலகைபோல விறைத்திருந்தது. ஒரு மூலையில் பழைய டேபிள் ஃபேன், அதன் முன்னால் ஒரு எவர்சில்வர் கிண்ணம்.

ஜெயமணி எல்லாவற்றையும் பார்த்தாள். எங்கேயோ தேடுகிற மாதிரி இன்னொரு முறையும் பார்த்தாள். பிறகு போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். ஃபேன் போடவில்லை. லாவண்யா கதவருகே கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே வந்து எதிர்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். தரை சுட்டது. முதுகுக்குப் பின்னால் சுவரும் சுட்டது.

கீழே மேளம் தொடங்கியது. "லாவண்யா, ஜெயமணி, தண்ணி எடுக்கப் போறாங்க, வாங்க" என்று விஜயகுமார் கூப்பிட்டான். இன்னொரு முறையும் கூப்பிட்டான். இருவரும் எழுந்திருக்கவில்லை. ஜெயமணியின் நெற்றியில் துளித்த வியர்வை மூக்கோரமாக இறங்கி, தாடை நுனியில் கொஞ்ச நேரம் நின்று, சிமெண்டுத் தரையில் விழுந்தது. லாவண்யா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னக் கருவட்டம். ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, விழுந்த இடம் தெரியாமல் போயிற்று.